ஆடிக்காற்றும் மணியின் அரிப்பும்

வாசகர் கேள்விகளில் கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. "எங்கள் தோட்டத்து நாய்க்கு மூன்று வருடமாக ஆடி பிறந்தால் அரிப்பு வருகிறது. ராத்திரி முழுக்கச் சொறிகிறது. பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறது. தை மாதம் தானாகச் சரியாகிவிடுகிறது. கத்தரிக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டினால் போய்விடும் என்கிறார்கள். எத்தனை மில்லி கலக்க வேண்டும்?"

டேங்குக்கு எத்தனை மில்லி என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். அந்த நம்பிக்கையில் கேட்டிருக்கிறார். ஒரு மில்லிகூட வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் இதே மில்லிக் கணக்கை என் நாய்க்கு நானே ஒரு தடவை போட்டிருக்கிறேன். வேளாண்மைப் பட்டம் படித்தவன், பூச்சிக்கொல்லிப் பயிற்சி வகுப்பு எடுப்பவன் போட்ட கணக்கு அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் மணி கோம்பை நாய். முழுக் கோம்பை என்று சத்தியம் பண்ண மாட்டேன். செம்பழுப்பு நிறம், மைபூசின மாதிரி கருத்த மூஞ்சி, அந்நியர் வரப்பில் கால் வைத்தால் அடித்தொண்டையில் ஓர் உறுமல். 2016 கடைசியில் கோம்பையில் ஒரு விவசாயி வீட்டிலிருந்து குட்டியாக வாங்கி வந்தேன். உத்தமபாளையம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலும், அதை ஒட்டி ஒரு ஏக்கர் நெல் வயலும் உண்டு. அம்மா தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். நான் சின்னமனூரில் குடியிருந்துகொண்டு காலையும் மாலையும் போய் வருவேன். மணி அம்மாவுக்குத் துணை.

2017 ஆடியில் மணி கொஞ்சம் சொறிந்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016 வறட்சியில் வெறிச்சென்று கிடந்த வரப்புகள் அப்போதுதான் மெல்லப் பச்சை கட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் நிலைமை வேறு. 2018 ஆகஸ்டில் முல்லைப் பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது நம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் நினைவிருக்கும். 14,707 ஏக்கர் இருபோக நிலமும் குளிர்ந்தது. வரப்பு, வாய்க்கால் கரை, பந்தல் ஓரம் எல்லாம் களை இடுப்பளவு நின்றது. மணிக்கும் அந்த வருஷம்தான் அரிப்பு உச்சத்துக்குப் போனது. அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு, விரலிடுக்கு என்று முடி குறைந்த இடமெல்லாம் சிவந்து, பிறகு கருத்து, யானைத்தோல் மாதிரி தடித்துப்போனது. காதுக்குள் ஒரு புளித்த வாடை. ராத்திரி தூங்காமல் கயிற்றுக்கட்டில் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். அம்மாவுக்கும் தூக்கம் போனது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசச் சொன்னார் ஒருவர். மண்ணெண்ணெயில் கந்தகத்தைக் குழைக்கச் சொன்னார் இன்னொருவர். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "சார், சொறி நாயை வீட்ல வெச்சிருந்தா ஒட்டிக்கிரும். ராவோட ராவா வண்டில ஏத்தி போடி பக்கம் விட்டுட்டு வந்துருங்க" என்றார். அம்மா எதையும் கேட்கவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினார். மணி அதை நக்கி எடுத்துவிட்டு மறுபடி சொறிந்தான்.

தோட்டத்து வீட்டு நிலைக்கதவில் கரையான் ஏறியிருந்ததால் குளோர்பைரிபாஸ் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டு, பயிருக்குச் சொல்கிற அளவில் பாதிக்கும் கீழே கலந்து மணியைக் குளிப்பாட்டினேன். அளவைக் குறைத்துவிட்டால் ஆபத்து இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பாட்டிலில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. சிவப்புக்கு அடுத்தபடி கடும் நஞ்சு என்று கூட்டத்துக்குக் கூட்டம் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறவன் நான். கையுறைகூடப் போடவில்லை.

பயிர் தன் இலையை நக்காது, நாய் நக்கும். புண்பட்ட தோல் மருந்தை உள்ளேயும் இழுக்கும். இரண்டும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு மணி நேரத்தில் மணிக்கு வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கண்ணில் நீர், தொடையில் சதைத் துடிப்பு. நிற்க முடியாமல் பின்னங்கால் மடிந்தது, கழிசல் போனது. சத்தம் கேட்டு வந்த இரண்டு பேர், எச்சில் வடிவதைப் பார்த்துவிட்டு, "வெறி பிடிச்சிருச்சு, கிட்டப் போகாதீங்க" என்று கம்பை எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எச்சில் வடிய நடுங்குகிற நாயைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பயம்தான் முதலில் வரும். அம்மா மணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "வெறியுமில்ல ஒண்ணுமில்ல. எம் மகன்தான் மருந்து ஊத்திட்டான்" என்றார். அந்த இடத்தில் நான் தலை நிமிரவில்லை.

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். சின்ன வயதுப் பெண் மருத்துவர், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் எடுத்தார். "சார், வாந்தி எடுக்க வைக்காதீங்க. கையுறை போட்டுக்கிட்டு சோப்புத் தண்ணில ரெண்டு மூணு தடவை நல்லா அலசுங்க. உடனே கொண்டு வாங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வாங்க" என்றார். முறிவு மருந்து என்ன என்பது பாட்டில் லேபிளிலேயே அச்சாகியிருக்கும், அதற்காகத்தான் பாட்டிலைக் கேட்டார். அட்ரோபின் ஊசி, இடைவெளி விட்டு மறுபடி ஊசி, சலைன் என்று நள்ளிரவு ஆனது. விடியற்காலையில் மணி தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "நீங்களே இப்படிச் செஞ்சா மத்தவங்க என்ன சார் செய்வாங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாலு நாள் கழித்துத் தோலைப் பார்த்தார். பிளேடால் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். சொறிப்பேன் ஒன்றும் இல்லை. காதிலும் விரலிடுக்கிலும் ஈஸ்ட் பூஞ்சை மட்டும் பெருகியிருந்தது, அந்தப் புளித்த வாடை அதனுடையது. நாய் எங்கே சொறிகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இடுப்பின் பின்பகுதியிலும் வாலடியிலும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நம் பக்கத்து நாய்களுக்கு அதிகமாக வருவது அதுதான். காது விளிம்பும் முழங்கையும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் சொறிப்பேனாக இருக்கலாம். அது மனிதர்களுக்கும் தற்காலிகமாக ஒட்டும், அந்த அளவில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னது தப்பில்லை. முகம், காது, அக்குள், அடிவயிறு, பாதம் என்று வந்து, அதுவும் வருஷா வருஷம் ஒரே பருவத்தில் வந்தால் ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் அது தொடங்கிவிடும். நாட்டு நாய்க்கு அலர்ஜியெல்லாம் வராது, லேப்ரடார், பக் மாதிரி சீமை நாய்களுக்குத்தான் வரும் என்று நான் நினைத்திருந்ததும் பொய்யாகப் போனது.

"மகரந்தமும் தூசியும் நமக்கு மூக்குல வேலை காட்டும், தும்முவோம். நாய்க்குத் தோல்ல காட்டும், சொறியும்" என்றார். எது ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "பயிருக்கு என்ன சார் செய்வீங்க? என்னிக்குப் புழு வந்துச்சு, என்னிக்குக் காத்து மாறுச்சுன்னு எழுத மாட்டீங்களா? அதையே மணிக்கும் எழுதுங்க."

அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, அன்றைய அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எந்த இடம், நாய் எங்கெல்லாம் போனது, தோட்டத்தில் என்ன வேலை நடந்தது, என்ன பூத்திருந்தது. இந்த ஆறுதான். முதலில் நான் சந்தேகப்பட்டது தவிட்டு மூட்டையை. மணி படுப்பது மாட்டுத்தீவன அறையில். பழைய தவிட்டிலும் மாவிலும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் இருக்கும், ஒவ்வாமை உள்ள நாய்க்கு அதுவும் ஆகாது. படுக்கையைத் திண்ணைக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து சீமைக்கருவேலம், அருகம்புல், பக்கத்துக் காட்டு மக்காச்சோளம் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அந்த அக்டோபரில் ஒன்பது நாள் மணியைச் சின்னமனூர் வீட்டில் வைத்திருந்தோம். எட்டில் இருந்த மார்க் நான்குக்கு இறங்கியது. தோட்டத்துக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி ஏழு. அன்றைக்கு எழுதியிருந்தது: "வரப்பில் நெடுகப் பார்த்தீனியம், வெள்ளைப் பூ. மணி அதற்குள் புகுந்து எலி தேடினான்."

பார்த்தீனியத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நாடு முழுக்க நடக்கிறது, நானும் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு இந்தியா முழுக்கப் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். அதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் படையும் வரும். காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து வந்து பட்டாலும் வரும். ஆடு மாட்டுக்கும் ஆகாது. இத்தனையும் மேடையில் பேசியிருக்கிறேன். வயிறு தரையில் உரச, அந்தச் செடிக்குள் தினமும் நுழைந்து வருகிற நாய்க்கும் ஆகாமல் போகலாம் என்று மட்டும் தோன்றியதில்லை.

இதைவிடப் பெரிய விஷயத்தை அந்த நோட்டு காட்டியது. அதை எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னய்யா எழுதுற?" என்றார். மணிக்கு எந்த மாதத்தில் அரிப்பு வருகிறது என்று எழுதுகிறேன் என்றேன். "எனக்கும் அப்பத்தாண்டா வருது" என்றார், பேச்சோடு பேச்சாக. சேலைத் தலைப்பை விலக்கி முழங்கை மடிப்பையும் கழுத்தையும் காட்டினார். மணியின் அடிவயிறு மாதிரியே கருத்துத் தடித்த தோல். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "அது கெடக்கு நாலஞ்சு வருசமா. களை எடுக்கையில வரும், தையில அடங்கிரும். வயசாச்சுல்ல, ரத்தம் சுண்டிப்போச்சு." களை எடுக்க வருகிற பெண்களில் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது என்றும் சொன்னார். நாய் சொறிவதற்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டவன், அம்மா கையைப் பார்த்ததில்லை.

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தோல் பிரிவில் பார்த்த மருத்துவர் இரண்டு கேள்விதான் கேட்டார். எந்தெந்த மாதம், என்ன களை. களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் செடிப் பக்கமே போகக் கூடாது, போனாலும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் போகக் கூடாது என்றார். என் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் அம்மா இன்றும் சேலைமேல் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறார்.

அந்த மார்கழியில் பார்த்தீனியத்தில் கை வைத்தோம். ஒவ்வாமை இல்லாத ஆட்களாகப் பார்த்து, கையுறை போட்டு, மழை பெய்து ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்கினோம். பூக்கும் முன்னால் பிடுங்கியதை மட்டும்தான் மட்கக் குழியில் போடலாம். பூத்ததைப் போட்டால் அடுத்த வருஷம் எருவோடு விதையும் வயலுக்குப் போகும். கல்லிடுக்கு, ரோட்டோரம் மாதிரி பயிர் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் நேரத்தில் இளஞ்செடி மேல் தெளிக்கலாம். வயலுக்குள் இது கூடாது, மண் உப்பேறிவிடும். 2,4-டி அடித்தால் சாகும் என்று கடையில் சொல்வார்கள். திராட்சைப் பந்தல் உள்ள நம் பள்ளத்தாக்கில் அதை யோசிக்கவே வேண்டாம். ஆடிக்காற்றில் அதன் சாரல் பக்கத்துப் பந்தலுக்குப் போனாலே இலை விசிறி மாதிரி சுருங்கிவிடும், பிறகு பக்கத்துத் தோட்டக்காரரோடு வழக்குத்தான். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் தகரையை விதைத்துவிட்டால் அது பார்த்தீனியத்தைத் தலையெடுக்க விடாது. 1980-களில் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு வந்து விட்ட மெக்சிகன் வண்டு மழைக்காலத்தில் இலையை நன்றாகத் தின்னும். ஆனால் நம் வரப்பில் வண்டை மட்டும் நம்பி உட்கார முடியாது.

இதையெல்லாம் செய்தும் மணிக்கு அரிப்பு முழுதாகப் போகவில்லை. எட்டு மார்க் மூன்று, நான்குக்கு வந்தது, அவ்வளவுதான். பக்கத்து வரப்பு என் கையில் இல்லை, காற்றும் என் கையில் இல்லை. இது தீர்த்துவிடுகிற நோய் இல்லை, வருஷா வருஷம் சமாளிக்கிற நோய் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். வைகாசி கடைசியிலேயே தெள்ளு, உண்ணிக்கு நாய்க்கென்று உள்ள மாத்திரையையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தையோ மருத்துவரிடம் எடை சொல்லி வாங்கித் தொடங்கிவிடுவோம். ஒவ்வாமை உள்ள நாய்க்குத் தெள்ளுக்கடியும் சேர்ந்தால் தாங்காது. (நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள், சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.) தோட்டம் சுற்றி வந்ததும் வாசலில் உள்ள தொட்டித் தண்ணீரில் நாலு காலையும் அடிவயிற்றையும் அலசி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது அம்மா வேலை. ஈரம் நின்றால் பூஞ்சை வரும். வாரம் ஒருநாள் மருத்துவர் எழுதிய குளோர்ஹெக்சிடின் ஷாம்புக் குளியல். நுரையைப் பத்து நிமிஷம் உடம்பில் ஊற விட வேண்டும், போட்டவுடன் கழுவினால் பயனில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிமிஷம் மணியைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. மருத்துவர் சொன்ன அளவில் மீன் எண்ணெய் மாத்திரையும் உண்டு. அது வேலை காட்ட இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்பதால் அதையும் முன்கூட்டியே தொடங்குகிறோம்.

இவ்வளவுக்கும் மேல் தாங்க முடியாத வாரங்களில் மருத்துவர் சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அந்த நாட்களில் மணி தண்ணீராகக் குடிப்பான், மூத்திரமாகப் போவான், எவ்வளவு போட்டாலும் இன்னும் சோறு கேட்பான். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்று சிலர் மாதா மாதம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நாளடைவில் அது நாயின் உடம்பைக் கெடுத்துவிடும். இப்போது அரிப்புக்கென்றே ஒக்லாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் வந்திருக்கின்றன. விலை கூடுதல், மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதவை. வீட்டில் இருக்கிற சளி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். செட்டிரிசின் தனியாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம், பல நாய்களுக்குப் பெரிய பலன் இருக்காது. மூக்கடைப்பு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை நாய்க்கு நஞ்சு. பாராசிட்டமால், இபுபுரூஃபனும் வேண்டாம். தரை கழுவுகிற பினாயிலும் கழிவு ஆயிலும் வேண்டவே வேண்டாம்.

நம் பகுதிக்கென்று இன்னொன்று. 2023-ல் நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் பந்தலடியில் உதிர்ந்த பழத்தை நாய் தின்ன விடாதீர்கள். சில நாய்களுக்குத் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். எந்த நாய்க்கு ஆகும், எதற்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மயில்துத்தம் சுண்ணாம்பு அடிக்கிற அன்றைக்கும் நாயைப் பந்தலுக்கு வெளியே கட்டிவிடுங்கள்.

கூடலூர் சகோதரிக்கு: உங்கள் நாய்க்கும் பார்த்தீனியம்தான் என்று நான் சொல்லவில்லை. சாரல் காற்றோடு உங்கள் பக்கம் வேறு புல், வேறு பூ இருக்கலாம், வெறும் தெள்ளுப்பூச்சியாகவும் இருக்கலாம். ஆடி பிறக்கும் முன்பே கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போய்த் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி பற்றிச் சொல்வார்கள். போகும்போது, மூன்று வருஷமாக எந்த மாதம், எந்த இடம் என்று உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தக் கத்தரி மருந்து பாட்டிலை நாய்க்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். உங்கள் வீட்டில் களை எடுப்பவர்களின் முழங்கை மடிப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மணிக்கு இப்போது வயது எட்டு தாண்டிவிட்டது. மூஞ்சிக் கருப்பில் நரை விழுந்திருக்கிறது. நாற்பது பக்க நோட்டு முடிந்து நாலாவது நோட்டு ஓடுகிறது. போன ஆடியிலிருந்து மார்க் போடுவது அம்மா. கடைசி இரண்டு பத்தியில் ஒன்றுக்கு மணி என்றும் இன்னொன்றுக்கு நான் என்றும் தலைப்புப் போட்டு, இரண்டுக்கும் தினமும் எழுதுகிறார்.